பகடை உருட்டும் பேஸ்பால் லீக்: எத்தனை விதி வேண்டும்?

கேள்வி: ஜனவரி 6

எட்டுப் பேர் சேர்ந்து ஸ்ட்ராட்-ஓ-மேட்டிக் (அட்டையும் பகடையும் கொண்டு ஆடும் பேஸ்பால் மேஜை விளையாட்டு) வைத்து ஒரு லீக் ஆரம்பிக்கப் போகிறோம். பழைய சீசன் ஏதாவது ஒன்றின் அட்டைகளை (அந்த வருடம் நிஜ வீரர் ஆடியதை வைத்து ஆளுக்கு ஓர் அட்டை) வாங்கி, எல்லா வீரர்களையும் பொதுவில் போட்டு, வரிசையாக ஆள் எடுத்துக்கொள்வதாகத் திட்டம். எங்களில் ஒருவர் அதற்குள் பத்துப் பக்கத்துக்கு விதி எழுதிக்கொண்டு வந்துவிட்டார். பகடை உருட்டுகிற ஆட்டத்துக்கு எதற்கு இத்தனை விதி? எல்லாம் அதிர்ஷ்டம்தானே?

ஜனவரி 6, இரவு

பத்துப் பக்கம் அதிகம். இரண்டு விதி போதும். அட்டையில் இருக்கும் வீரர் நிஜத்தில் அந்த வருடம் எவ்வளவு ஆடினாரோ அந்த விகிதத்துக்கு மேல் உங்கள் லீக்கிலும் ஆடக் கூடாது. இது ஒன்று. ஆட்டத்தை முடித்து ஸ்கோர் தாள் அனுப்ப ஒரு கெடு வேண்டும். இது இரண்டு. மற்றதெல்லாம் சண்டை வரும்போது எழுதிக்கொள்ளலாம். சண்டை வரும், கவலைப்படாதீர்கள்.

எல்லாம் அதிர்ஷ்டம் என்பது தப்பு. ஆறு வருடம் லீக் நடத்தியவன் சொல்கிறேன்: 20 சதவீதம் அதிர்ஷ்டம், 80 சதவீதம் ஆள் எடுக்கிற சாமர்த்தியம்.

ஜனவரி 7

ஆட்டம் எப்படி நடக்கும் என்று கேட்டவர்களுக்காக. மூன்று பகடை. ஒன்று மட்டும் வேறு நிறம். அந்த ஒற்றைப் பகடை எந்த அட்டையைப் பார்ப்பது என்று சொல்லும்: 1, 2, 3 விழுந்தால் பேட்டரின் அட்டையில் அந்த எண்ணுள்ள பத்தி; 4, 5, 6 விழுந்தால் பிட்சரின், அதாவது பந்து போடுபவரின் அட்டையில். மற்ற இரண்டு பகடைகளின் கூட்டுத்தொகை, பத்தியில் எந்த வரி என்று சொல்லும். ஒற்றைப் பகடை 2, மற்றவை 3, 4 என்றால் "2-7". பேட்டரின் இரண்டாம் பத்தி, 7 என்ற எண்ணுள்ள வரி. அங்கே "ஹோம் ரன் 1–12, டபுள் 13–20" என்று இருந்தால் இருபது முகப் பகடையை எடுக்க வேண்டும். அந்தப் பகடை மேஜையில் உருளும் மூன்று வினாடிக்காகத்தான் இத்தனை பேர் இத்தனை வருடமாக இதை விடாமல் ஆடுகிறார்கள் என்று நினைக்கிறேன்.

ஆக, முடிவில் பாதி பேட்டர் கையில், பாதி பிட்சர் கையில். அவ்வளவுதான்.

ஜனவரி 7, சற்றுப் பிறகு

இது ரோட்டிசரி லீக்தானே என்று ஒருவர் கேட்டார். இல்லை, இது ரோட்டிசரி லீக் இல்லை. 1980இல் டேனியல் ஓக்ரென்டும் நண்பர்களும் ஆரம்பித்தது அது. நியூயார்க்கில் அவர்கள் சாப்பிடப் போன உணவகத்தின் பெயரையே வைத்துவிட்டார்கள். அதில் இன்று நடக்கிற ஆட்டத்தின் புள்ளிகளை எண்ணுகிறோம். உங்கள் ஆள் இன்று ஹோம் ரன் அடித்தால் உங்களுக்கு லாபம். நாம் பேசுவது முடிந்துபோன சீசனை அட்டையில் பிடித்து வைத்து, அதை மறுபடி ஆடுவது. ரோட்டிசரியில் ஆரூடம் சொல்லத் தெரிய வேண்டும். இதில் என்ன நடந்தது என்று எல்லோருக்கும் தெரியும். தெரிந்த பிறகும் தோற்கலாம், அதுதான் இதன் எரிச்சல்.

ஜனவரி 9

முதல் விதிக்கு அவ்வளவு அழுத்தம் ஏன் என்று கேட்டிருக்கிறார்கள். இரண்டே வார்த்தையில் சொல்லலாம்: பாப் ஹேசல்.

1957இல் மில்வாக்கி பிரேவ்ஸ் அணியில் பில் புரூட்டனுக்கு அடிபட்டது. சீசன் நடுவே கீழ்மட்ட லீக்கிலிருந்து ஹேசலைக் கூப்பிட்டார்கள். வந்தவர் சூறாவளி மாதிரி அடித்தார். பட்டப்பெயரே "ஹரிக்கேன்". 134 அட்-பேட் (கணக்கில் சேரும் பேட் வாய்ப்பு), சராசரி .403, அதாவது ஆயிரம் வாய்ப்புக்கு 403 ஹிட். அந்த வருடம் பிரேவ்ஸ் உலகத் தொடரையும் வென்றது. 1958க்குப் பிறகு அவர் பெரிய லீக்கில் ஆடவே இல்லை.

எங்கள் முதல் சீசனுக்கு 1957 அட்டைகளைத்தான் எடுத்தோம். எட்டு அணி, ஆளுக்கு 42 ஆட்டம். டெட் வில்லியம்ஸ் (.388), மிக்கி மேன்டில் (.365), 44 ஹோம் ரன் அடித்த ஹேங்க் ஆரோன் எல்லோரும் முதல் சுற்றிலேயே போய்விட்டார்கள். ஒன்பதாவது சுற்றில் ஒருவர் அமைதியாக ஹேசலை எடுத்தார். சிரித்தோம். அப்போது எங்களிடம் ஒரு விதியும் கிடையாது. "பெரியவர்கள்தானே, பார்த்துக்கொள்ளலாம்" என்று சொன்னது நான்தான்.

42 ஆட்டத்திலும் ஹேசலை இறக்கினார். எங்கள் ஹேசல் 163 அட்-பேட், 61 ஹிட், சராசரி .374. நிஜ ஹேசல் 154 ஆட்டச் சீசனில் ஆடியதைவிட எங்கள் ஹேசல் 42 ஆட்டத்தில் அதிகம் ஆடிவிட்டார்! அந்த அணிதான் பட்டம் வென்றது. அவர் செய்ததில் தப்பே கிடையாது. விதி இல்லாத இடத்தில் விதியை மீற முடியாதே.

அடுத்த சீசனுக்குக் கணக்குப் போட்டோம். 134ஐ 42ஆல் பெருக்கி 154ஆல் வகுத்தால் 36.5. ஹேசலுக்கு 36 அட்-பேட். வில்லியம்ஸுக்கு அதே கணக்கில் 114. ஏறக்குறைய 36 ஆட்டத்துக்கு வரும், அவர் நிஜத்தில் தவறவிட்ட ஆட்டங்களின் விகிதமும் அதுதான். இந்தக் கணக்கு நியாயமானது என்று எனக்குப் புரிந்தது அங்கேதான்.

ஜனவரி 10

திருத்தம். 7ஆம் தேதி "பாதி பேட்டர், பாதி பிட்சர், அவ்வளவுதான்" என்று எழுதினேன். அவ்வளவு இல்லை. பிட்சரின் அட்டையில் 108 வாய்ப்புகள். அதில் 30 உண்மையில் பிட்சருக்குச் சொந்தமில்லை. அவை ஃபீல்டரைப் பார்க்கச் சொல்லும். ஷார்ட்ஸ்டாப்புக்கு (இரண்டாம், மூன்றாம் பேஸுக்கு நடுவே நிற்பவர்) 7, இரண்டாம் பேஸ்காரருக்கு 6, மீதி மற்றவர்களுக்குப் பங்கு. அந்த இடத்தில் நிற்பவரின் மதிப்பு 1 என்றால் அனேகமாக அவுட், 4 என்றால் பந்து கால் நடுவே போகும்.

பேட்டர் அட்டையின் 108ஐயும் சேர்த்தால் 216. 216இல் 30 என்றால் ஏழு பேட்டருக்கு ஒரு தடவை. ஓர் அணிக்கு ஓர் ஆட்டத்தில் ஐந்து பந்தாவது இப்படி ஃபீல்டரிடம் போகும். முதல் சீசனில் நான் அடிக்கத் தெரிந்தவர்களாகப் பார்த்து அள்ளிக்கொண்டேன், ஷார்ட்ஸ்டாப்பில் மதிப்பு 4 உள்ளவரை நிறுத்தினேன். என் பிட்சர்கள் மோசம் என்று சீசன் முழுக்கப் புலம்பினேன். பிட்சர்கள் பாவம்.

ஜனவரி 10, மதியம்

ஹேசல் ஏன் .403 அடிக்காமல் .374 அடித்தார், அட்டை தப்பா என்று ஒரு கேள்வி. அட்டை சரிதான்.

அட்டையை எழுதும்போது எதிரே சராசரிப் பிட்சர் நிற்பதாகத்தான் கணக்கு. லீக்கின் சராசரி .260 என்று வைத்துக்கொள்ளுங்கள். பாதி உருட்டல் பிட்சர் அட்டைக்குப் போய் .260 தருகிறது. அப்படியானால் மொத்தம் .403 வர, பேட்டரின் அட்டைப் பாதி .546 தர வேண்டும். பயங்கரமான அட்டை. ஆனால் எட்டு அணி லீக்கில் சராசரிப் பிட்சர் யாரும் இல்லை. 1957இல் நிஜத்தில் 16 அணி. அதில் தேறிய பாதியைத்தான் நாம் எடுத்திருக்கிறோம். பிட்சர் பாதி .220 ஆகிவிட்டால் ஹேசல் .383க்கு வந்துவிடுவார். மீதிக் குறைவு பகடை.

இப்படி வரிசையாக ஆள் எடுக்கிற டிராஃப்ட் லீக் ஆடுகிற யாரும் வீரரின் நிஜச் சராசரியைப் பார்த்து ஆள் எடுக்காதீர்கள். எல்லோருக்கும் எண்கள் இறங்கும். "என் ஆள் .330 அடிக்க வேண்டியவன், .290 அடிக்கிறான், பகடையில் கோளாறு" என்று எனக்கு வந்த கடிதங்களை அடுக்கினால் ஒரு தலையணை செய்யலாம்.

ஜனவரி 11

இன்னொரு திருத்தம், இது கொஞ்சம் கசப்பு. 20 சதவீதம் அதிர்ஷ்டம் என்று எழுதியிருந்தேன் அல்லவா? எந்தக் கணக்கில் என்று ஒருவர் கேட்டார். எந்தக் கணக்கிலும் இல்லை, வாய்க்கு வந்தது.

உட்கார்ந்து போட்டுப் பார்த்தேன். இரு அணியும் சரிசமம் என்றால் 42 ஆட்டத்தில் 21 வெற்றி எதிர்பார்க்கலாம். அதன் திட்ட விலகல் 3.2. அதாவது ஒரு சுமாரான அணி சும்மா பகடை தயவிலேயே 24 வெற்றி எடுக்கும், அல்லது 18க்கு இறங்கும். இது சாதாரணமாக நடப்பது. எங்கள் ஆறு சீசன்களில் முதலிடத்துக்கும் நான்காம் இடத்துக்கும் பெரும்பாலும் ஐந்து ஆட்டம்தான் வித்தியாசம். நான் இரண்டு தடவை பட்டம் வென்றவன். இந்தக் கணக்கை ஏன் போட்டேன் என்று இருக்கிறது.

அதனால் கேள்வி கேட்டவர் சொன்னது நான் நினைத்த அளவுக்குத் தப்பில்லை. ஆனாலும் விதி வேண்டாம் என்று ஆகாது. பகடையை நம்மால் ஒன்றும் செய்ய முடியாது. ஹேசலை 42 ஆட்டத்திலும் இறக்குவதைத் தடுக்க முடியும்.

ஜனவரி 13

1968 அட்டைகளை எடுக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். எடுக்காதீர்கள், ரன்னே வராது. பிட்சர்களின் வருடம் அது. அமெரிக்கன் லீக்கில் யாஸ்ட்ரெம்ஸ்கி .301 அடித்தே முதலிடம். அடுத்த வருடமே பிட்சர் நிற்கும் மேட்டின் உயரத்தை 15 அங்குலத்திலிருந்து 10க்குக் குறைத்தார்கள்.

பிட்சர் பாப் கிப்சனை எடுத்தவர் பட்டம் வெல்வார் என்று எல்லோரும் நினைப்பார்கள். ஒன்பது இன்னிங்ஸுக்கு 1.12 ரன், 13 ஷட்அவுட் (ஒரு ரன்னும் கொடுக்காமல் முடித்த ஆட்டம்). எங்கள் மூன்றாம் சீசனில் கிப்சனை எடுத்தவர், அவர் நான்காவது தடவை தோற்றதும் அட்டையைப் படம் பிடித்து அனுப்பி "இது போலி அட்டையா?" என்று கேட்டார். நிஜக் கிப்சனே அந்த வருடம் 22 வென்று 9 தோற்றார் என்று பதில் எழுதினேன். இரண்டு நாள் பேசவில்லை.

ஜனவரி 15

எல்லோரும் ஒரே இடத்தில் இருந்து ஆட முடியாது என்றால் என்ன செய்வது? வழக்கமான முறை இதுதான்: சொந்த மைதான அணிக்காரர் தனியாக உட்கார்ந்து இரண்டு அணிக்கும் உருட்டுவார். வெளியூர் அணிக்காரர் முன்கூட்டியே ஒரு குறிப்புத் தாள் அனுப்பியிருப்பார்: யார் எந்த வரிசையில், எந்த இன்னிங்ஸில் பிட்சரை மாற்றுவது, யார் பேஸ் திருடலாம் (பந்தை யாரும் அடிக்காமலே அடுத்த பேஸுக்கு ஓடுவது), யார் கூடாது.

ஒருவர் சோம்பேறித்தனமாக "கிடைத்த இடத்தில் எல்லாம் திருடு" என்று ஒரே வரி அனுப்பினார். எதிராளி அதை எழுத்துக்கு எழுத்து மதித்து, ஓடவே தெரியாத கேட்ச்சரை மூன்று தடவை இரண்டாம் பேஸுக்கு ஓடவிட்டார். மூன்று தடவையும் அவுட். தாளில் எழுதியதைத்தான் செய்தேன் என்றார். தாளைப் பார்த்தால் உண்மைதான்.

பெரிய சிக்கல் வேறு. ஓர் அறையில் ஒருவர் தனியாக உருட்டுகிறார், சொந்த மைதானத்தில் ஆறில் ஆறும் வெல்கிறார். உடனே மற்றவர்கள் "உருட்டுகிறார்" என்றார்கள். தமிழில் இந்த ஒரு சொல் போதும், குற்றப்பத்திரிகையே தேவையில்லை. பகடையைத்தான் உருட்டினாரா, வேறு எதையாவதா என்று குழுவில் நாலு நாள் கேலி.

கடைசியில் பகடை மேல் பழி வந்தது. அவருடைய இருபது முகப் பகடையை வரவழைத்தேன். ஒரு ராத்திரி 400 தடவை உருட்டிக் குறித்தேன். ஒவ்வொரு முகமும் 20 தடவை வர வேண்டும். 1 என்ற முகம் 27 தடவை வந்தது. பிடித்துவிட்டோம் என்று குதித்தார்கள். 400 உருட்டலில் நான்கைந்து கூடக் குறைய வருவது சகஜம், இருபது முகங்களில் ஏதோ ஒன்று 27 தொடுவதில் அதிசயம் இல்லை என்று சொன்னேன். யாரும் கேட்கவில்லை. அப்புறம் உப்பைக் கரைத்த தண்ணீரில் பகடையை மிதக்கவிட்டுச் சுண்டிச் சுண்டிப் பார்த்தேன், ஒரே முகம் மேலே வருகிறதா என்று. வரவில்லை. வழக்குத் தள்ளுபடி. அவர் அடுத்த ஆறும் தோற்றதுதான் எல்லோரையும் சமாதானப்படுத்தியது.

அதிலிருந்து வீடியோ அழைப்பில் உருட்டுவது என்று வைத்தோம். நேரம் இரண்டு மடங்கு ஆனது. ஒருவர் பொய் சொல்லவில்லை என்று நிரூபிக்க எட்டுப் பேர் ஓர் இரவைக் கொடுக்கிற மாதிரி. சரி, வேறு வழி தெரியவில்லை.

ஜனவரி 16

சாய்ந்து நிற்கும் பகடை: திரும்ப உருட்டு. தரையில் விழுந்தது: திரும்ப உருட்டு. பூனை தட்டியது: பூனைக்காரர் சொல்வதை நம்ப வேண்டாம்.

ஜனவரி 19

வருடா வருடம் புது அட்டைகளோடு தொடரும் லீக்காக நடத்தலாமா என்பதற்கு: நடத்தலாம், எங்கள் நான்காம் சீசனிலிருந்து அப்படித்தான். ஆனால் "வரப்போகும் வருடத்துத் தேர்வு உரிமை"யைக் கைமாற்ற விடாதீர்கள். ஒருவர் அடுத்த இரண்டு வருடத்து முதல் சுற்றுகளை எல்லாம் விற்று நட்சத்திரங்களை வாங்கினார், பட்டம் வென்றார், கைகுலுக்கிவிட்டு விலகிவிட்டார். அவர் இடத்துக்கு வந்த புதியவருக்குக் கிடைத்தது வயதான எட்டுப் பேரும் ஒரு வெற்றுப் பட்டியலும். பாதிச் சீசனில் அவரும் போய்விட்டார். தப்பு சொன்னால் எனக்குத்தான் சொல்ல வேண்டும், அந்த வியாபாரங்களுக்கு எல்லாம் ஒப்புதல் கையெழுத்துப் போட்டவன் நான்.

கெடு பற்றி இன்னும் எழுதவில்லை. ஸ்கோர் தாள் வராவிட்டால் என்ன தண்டனை? நாங்கள் எல்லாம் முயன்று பார்த்தோம். வேலை செய்தது ஒன்றே ஒன்று: கெடு தாண்டினால் அந்த ஆட்டங்களை எதிராளி உருட்டிக்கொள்வார். முதல் தடவை அப்படி அறிவித்த அன்று ராத்திரி பன்னிரண்டு மணிக்கு மூன்று தாள் வந்தது.

ஜனவரி 22

ஆப்பா என்ற இன்னொரு அட்டை-பகடை பேஸ்பால்தான் உயர்ந்தது என்பவரோடு சண்டை போட விருப்பமில்லை. அதுதான் மூத்தது: 1951, அமெரிக்காவின் லான்காஸ்டரில் ரிச்சர்ட் சைட்ஸ் ஆரம்பித்தது. ஸ்ட்ராட்-ஓ-மேட்டிக்கை ஹால் ரிச்மன் விற்க ஆரம்பித்தது 1961. ஆப்பாவில் இரண்டு பகடை. கூட்டக் கூடாது, பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படிக்க வேண்டும், 11இல் தொடங்கி 66 வரை. 66 விழுந்தால் அடுத்த அறையில் இருப்பவர்கூட எழுந்து வருவார். வேகத்தில் அதை மிஞ்ச முடியாது. ஆனால் பிட்சரை ஏ, பி, சி, டி என்று தரம் பிரித்து நிறுத்திவிடுகிறார்கள். எனக்குப் பிட்சருக்கென்று ஒரு முழு அட்டை கையில் வேண்டும்.

இரண்டுக்கும் முன்னால் 1941இல் ஈதன் ஆலன் என்ற முன்னாள் ஆட்டக்காரர் கொண்டுவந்த ஆல்-ஸ்டார் பேஸ்பாலில் வட்டத் தகட்டின் மேல் முள்ளைச் சுண்டிவிட வேண்டும். அதில் யார் பந்து போட்டாலும் ஒன்றுதான். கிப்சனை எடுத்தவருக்கு அதைப் பரிந்துரைக்கலாம்.

பிப்ரவரி 2

கேள்வி கேட்டவர் 1957தான் எடுத்திருக்கிறாராம். ஹேசலுக்கு 36 அட்-பேட் என்று என் கணக்கையே எழுதிக்கொண்டார்கள். அப்படியானால் ஒரு எச்சரிக்கை. "36 முறை பேட் செய்யலாம்" என்று எழுதாதீர்கள். "36 அட்-பேட்" என்று எழுதுங்கள். வாக் (நான்கு தப்பான பந்துக்கு இலவசமாகக் கிடைக்கும் முதல் பேஸ்) வாங்கினால் அட்-பேட் கணக்கில் வராது, ஆனால் பேட் செய்ய வந்தது வந்ததுதான்.

எங்கள் இரண்டாம் சீசனில் ஹேசலை எடுத்தது நான். அதாவது போன சீசனில் சிரித்தவர்களிலேயே அதிகம் சிரித்தவன். 36ஐக் கஞ்சன் மாதிரிச் செலவழித்தேன். ஏழாவது இன்னிங்ஸுக்குப் பிறகு, பேஸில் ஆள் இருந்தால் மட்டும், பிஞ்ச் ஹிட்டராக, அதாவது இன்னொருவருக்குப் பதிலாக பேட் செய்ய. கடைசி ஆட்டம், ஒன்பதாவது இன்னிங்ஸ், ஒரு ரன் பின்தங்கி இருக்கிறேன், இரண்டு பேர் பேஸில், இரண்டு அவுட். ஹேசலைக் கூப்பிட்டேன். எதிராளி, முந்தின வருடம் ஹேசலை வைத்துப் பட்டம் வென்ற அதே மனிதர், விதித்தாளை எடுத்து "36 முறை" என்று வாசித்தார். ஹேசல் அதுவரை 35 அட்-பேட், 4 வாக். வந்தது 39 முறை என்றார் அவர். அட்-பேட் என்றுதான் அர்த்தம் என்றேன் நான். விதியை எழுதியவன் நான் என்பதால் எனக்கு வாக்கு கிடையாது. மற்ற ஆறு பேரும் வாக்களித்தார்கள். மூன்றுக்கு மூன்று.

காசைச் சுண்டிப் போட்டு முடிவு செய்தோம், எனக்குச் சாதகமாக. உருட்டினேன். ஒற்றைப் பகடை 6. பிட்சர் அட்டை. ஷார்ட்ஸ்டாப்பைப் பார். அவருடைய ஷார்ட்ஸ்டாப்பின் மதிப்பு 1. ஆட்டம் முடிந்தது, பட்டம் அவருக்கே மறுபடி. ஹேசல் 36க்கு 10, சராசரி .278.

பிப்ரவரி 5

ஒருவர் அந்த ஸ்கோர் தாள்களைப் பார்க்க ஆசைப்பட்டதால் பெட்டியை இறக்கித் தேடினேன். எல்லாம் இருந்தது. ஹேசலின் வரிகளை மட்டும் ஒவ்வொன்றாகக் கூட்டிக்கொண்டு வந்தேன். ஆகஸ்ட் மாத ஆட்டம் ஒன்றின் தாளை இரண்டு தடவை பதிவேட்டில் ஏற்றியிருக்கிறேன். ஓர் அட்-பேட், ஹிட் இல்லை. அது இரட்டிப்பு. ஆக மொத்தம் 35தான். 35க்கு 10, .286. ஹேசலுக்கு இன்னும் ஓர் அட்-பேட் பாக்கி இருக்கிறது.

பட்டம் வென்றவருக்கு ராத்திரியே போன் போட்டு விஷயத்தைச் சொன்னேன். அட்டை கையில் இருக்கிறது, பகடையும் இருக்கிறது, இப்போதே போட்டுவிடலாம் என்றேன். கொஞ்ச நேரம் சத்தமில்லை. அப்புறம் ஒரே சொல்தான் வந்தது.

"உருட்டாதீங்க."